விலையை மூடி வைத்து ஒரு வாய்

இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு பாட்டில் இருந்தால் நல்லது. விலை உயர்ந்தது வேண்டாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீம். ஸ்காட்ச் விலைப்பட்டியலின் கீழ்வரிசையில் இருக்கும் பிளெண்டட் விஸ்கி இது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கே இந்தியாவில் பாட்டிலில் அடைபடுகிறது. உங்களிடம் வாட் 69, பிளாக் அண்ட் ஒயிட், 100 பைப்பர்ஸ், ஜானி வாக்கர் ரெட் லேபிள் என எது இருந்தாலும் சரி, செய்முறை மாறாது.

உலகில் விற்கும் ஸ்காட்சில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பிளெண்டட் விஸ்கிதான். ஆனால் விஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிங்கிள் மால்ட்டைப் பற்றியே எழுதுகிறார்கள். அதனால் ரெட் லேபிள் குடிக்கிறவர் அதை ருசித்துப் பார்க்க வேண்டிய பொருளாகவே நினைப்பதில்லை. சோடாவை ஊற்றி, ஒரே மடக்கில் இறக்கி, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார். பிறகு வெளிநாட்டிலிருந்து வருகிற மைத்துனர் பதினெட்டு வருட மால்ட் ஒன்றைக் கொடுத்தால், அதன் பெயரையும் வயதையும் தவிர வேறெதையும் அவரால் ருசிக்க முடிவதில்லை. மலிவானதில் மூக்கையும் நாக்கையும் பழக்கியவருக்குத்தான் விலை உயர்ந்ததில் கூடுதலாக என்ன இருக்கிறது என்பது பிடிபடும். கொடுத்த காசுக்கு அது தகுமா என்றும் அவரே சொல்லிவிடுவார்.

திறந்த மனது என்றால் சலுகை காட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். “இந்த விலைக்குப் பரவாயில்லை” என்று சொல்பவர் விலையை வைத்துத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்; கிளாஸில் இருந்ததைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. கிளாஸை முதலில் பார்க்க வேண்டும், விலையைக் கடைசியில் பார்க்க வேண்டும். இந்த வரிசை குலையாமல் காப்பதற்குத்தான் கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம்.

தொடங்கும் முன் ஒன்று. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. உடல்நலத்துக்குக் கேடில்லாத குடி அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொன்ன விஷயம். இங்கே சொல்லும் முழுப் பயிற்சிக்கும் 60 மில்லி போதும். அதிலும் பாதி மூக்குக்குத்தான். அன்று வண்டியை எடுக்காதீர்கள். மூலம் தெரியாத சரக்கை எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வைக்காதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் எவ்வளவு பழகிய மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. சீல் உடையாத, லேபிள் கிழியாத பாட்டிலாக, உரிமம் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்கட்டும்.

விலை எங்கே குறைகிறது

ஒரு விஸ்கி ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தால், அதில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்காட்ச் என்ற பெயரை லேபிளில் போட வேண்டுமானால், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் சட்டம் வகுத்த சில நிபந்தனைகளை அது தாண்டியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் வடித்திருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது மூன்று ஆண்டு கிடந்திருக்க வேண்டும். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்காகச் சேர்க்கும் கேரமலையும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. 2009-இல் வந்த பிரிட்டிஷ் விதிமுறைகள் இவை. ஆக, உங்கள் கையில் இருக்கும் மலிவு ஸ்காட்சில் எசென்ஸ் கிடையாது, சர்க்கரை கிடையாது. அதில் நீங்கள் முகரும் வெனிலா, தானியத்தையும் ஈஸ்ட்டையும் மரத்தையும் தவிர வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு முகர்ந்தால் மரியாதை தானாக வரும்.

விலை குறைவதற்கு முதல் காரணம் கிரெயின் விஸ்கி. அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஏனியஸ் காஃபி என்பவர் 1830-இல் ஒரு தொடர் வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். செம்புப் பானையில் ஒவ்வொரு தடவையாக ஊற்றி, காய்ச்சி, கழுவி, மறுபடி ஊற்றும் வேலை அதில் இல்லை. உயரமான இரண்டு கோபுரங்களில் ஒரு பக்கம் புளித்த மாவுநீர் இறங்கிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஸ்பிரிட் வந்துகொண்டே இருக்கும். வாற்கோதுமை மால்ட் மட்டுமே போட வேண்டும் என்பதில்லை; கோதுமையோ மக்காச்சோளமோ பெரும்பகுதியாகவும் மால்ட் சிறு பகுதியாகவும் போகும். கிடைக்கும் சரக்கு மென்மையாக, இலேசாக, இனிப்பு தட்டியதாக இருக்கும். பானையில் வடித்த மால்ட்டின் எண்ணெய்ப் பிசுக்கும் கனமும் அதில் இருக்காது.

இந்த இரண்டையும் கலந்து விற்கலாம் என்ற எண்ணம் பெரிதும் மளிகைக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் வளர்ந்தது. ஜானி வாக்கர் பெயருக்குரிய ஜான் வாக்கர் 1820-இல் கில்மார்னாக் ஊரில் கடை வைத்த மளிகைக்காரர். வில்லியம் டீச்சர் கிளாஸ்கோ நகரில் 1830-இல் தொழில் தொடங்கியவர். தீர்வை கட்டும் முன்பே கிடங்கில் வைத்து மால்ட்டையும் கிரெயினையும் கலக்கலாம் என்று 1860-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த பிறகு இந்தக் கலை வேகமெடுத்தது. ஹைலேண்ட் கிரீம் என்ற பெயர் 1884-இல் பதிவாயிற்று. அதற்கு வேண்டிய மால்ட்டுக்காகவே டீச்சர் குடும்பத்தார் 1898-இல் அபர்டீன்ஷயரில் ஆர்ட்மோர் என்ற வடிப்பாலையைக் கட்டினார்கள். அதற்கும் பிறகு, கலந்தது விஸ்கியே அல்ல என்று மால்ட்காரர்கள் சண்டை போட்டார்கள். லண்டனில் வழக்கு நடந்தது. கடைசியில் அரச ஆணையம் ஒன்று 1909-இல் அறிக்கை கொடுத்து இரண்டுமே விஸ்கிதான் என்று முடித்துவைத்தது. இன்று ஒருவர் பிளெண்டட் என்றதும் முகம் சுளிக்கிறார் என்றால், நூறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சண்டையின் மிச்சம் அதில் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் வயது. லேபிளில் வயது போட்டிருந்தால் அது கலவையில் இருக்கும் ஆகக் குறைந்த வயதுள்ள விஸ்கியின் வயது. போடவில்லை என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். மூன்றாவது காரணம் பீப்பாய். அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உள்ளே கரியாகச் சுட்ட புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. முதல் தடவை நிரப்பும்போது மரம் அள்ளிக் கொடுக்கும். மூன்றாவது, நான்காவது தடவை கையைச் சுருக்கிக்கொள்ளும். மலிவு பிளெண்டில் அப்படிக் களைத்த பீப்பாய்கள் அதிகம்.

ஆகவே குறை எங்கே தெரியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். முகர்ந்தவுடன் கொஞ்சம் நெடி. வாயின் நடுப்பகுதியில் சன்னம். விழுங்கிய பின் ருசி சீக்கிரம் மறைவது. இவை மூன்றும் இளமையும் சிக்கனமும் தருபவை. மூக்கில் தானிய இனிப்பு தெளிவாக இருக்கிறதா, கலவையின் பகுதிகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா, தனக்கென்று ஒரு முகம் இருக்கிறதா என்பவை கலப்பவரின் கைவண்ணம். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இங்கே ஒரு பிரிவைக் கவனியுங்கள். நம் கடைகளில் ‘இந்தியன் விஸ்கி’ என்று விற்கும் மலிவான பலவற்றில் கரும்பு மொலாசஸிலிருந்து வடித்த நடுநிலை ஸ்பிரிட்தான் அடிப்படை. அதோடு ஓரளவு மால்ட் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதை விஸ்கி என்று ஏற்பதில்லை. அங்கே தானியமும் மூன்றாண்டு மரமும் கட்டாயம். இதையும் இதே முறையில் முகர்ந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஸ்காட்சோடு ஒரே வரிசையில் வைத்து அடித்துப் பேசுவது இரண்டுக்கும் நியாயமில்லை.

நாக்குக்கு முன்னால் நிற்கும் விலை

பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2001-இல் வெளியானது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

2008-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு இன்னும் நெருடலானது. 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஒயினின் விலையைச் சொல்லிச் சொல்லிக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றார்கள், இன்னொரு தடவை 90 டாலர் என்றார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியிருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, பந்தா காட்டவில்லை. விலையைக் கேட்டதும் உள்ளபடியே கூடுதலாக ரசித்தார்கள்.

அதனால் ‘நான் விலைக்கு மயங்க மாட்டேன்’ என்று நினைத்துக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. மன உறுதி இதற்கு மருந்தாகாது. பாட்டிலைக் கண்ணில் படாமல் வைப்பது ஒன்றுதான் வழி. “மாப்ள, இது காஸ்ட்லி சரக்குடா, பாத்துக் குடி” என்று ஊற்றும்போதே நண்பர் சொல்லிவிட்டால் அன்றைய சோதனை கெட்டது. நிறமும் அப்படித்தான். கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால் அடர்ந்த பழுப்பைப் பார்த்து வயதை ஊகிக்க முடியாது. ஸ்காட்ச் தொழிலிலேயே நிறம் தெரியாமலிருக்க நீலக் கண்ணாடிக் கிளாஸில் முகர்ந்து பார்ப்பதுண்டு. நமக்கு அது வேண்டாம். விளக்கைக் கொஞ்சம் மங்கவிட்டால் போதும்.

வெயில் ஊரில் ஆயத்தம்

விஸ்கி வழிகாட்டிகள் எல்லாம் ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எழுதுகின்றன. அந்த அறை எடின்பரோவில் இருக்கிறது. மதுரையிலோ வேலூரிலோ சித்திரை மாதத்து அறையில் 32 டிகிரிக்குக் குறையாது. 20 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆவி அழுத்தம் அந்தச் சூட்டில் ஆல்கஹாலுக்கு உண்டு. மூக்கைக் கொண்டுபோனதும் சுரீரென்று ஏறும். மலிவு விஸ்கியை ‘ஒரே ஸ்பிரிட் நெடி’ என்று நம் ஊரில் ஒதுக்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். விலை உயர்ந்த மால்ட்டைப் பெரும்பாலும் ஏசி அறையில் குடிக்கிறோம். குவார்ட்டரை மொட்டை மாடியில் குடிக்கிறோம். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

ஆகவே பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவில் கால் மணி நேரம் வையுங்கள். தொட்டால் இதமான குளிர்ச்சி தெரிய வேண்டும், வியர்க்கக் கூடாது. ஃபிரீசரும் ஐஸும் வேண்டாம். அதிகக் குளிரில் மணம் அடங்கிவிடும், இனிப்பும் மங்கிவிடும், கசப்பு மட்டும் தலைதூக்கும்.

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக இருந்தால் மணம் கூடி நிற்கும். கிளென்கேர்ன் என்ற பெயரில் விற்கும் கிளாஸ் இதற்கென்றே செய்தது. அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். அதுவும் இல்லை என்றால் டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, ஒரு சின்னத் தட்டால் ஐந்து நிமிடம் மூடி வைத்துத் திறங்கள். எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம். எந்தக் கிளாஸானாலும் சோப்பு வாடை போகக் கழுவி, கவிழ்த்து உலரவையுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாடை ஒட்டும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். உப்புத் தட்டும் போர்த் தண்ணீரும் குளோரின் வீசும் குழாய்த் தண்ணீரும் ருசியைக் கெடுக்கும். கேன் தண்ணீரோ காய்ச்சி ஆறவைத்ததோ நல்லது. அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகை, தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. வெற்றிலை போட்டிருந்தால் இன்று வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு நல்ல நேரம். பிரியாணிக்குப் பிறகு நாக்கு எதற்கும் ஆகாது. இடையில் வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பன் துண்டு போதும். ஊறுகாயையும் மிளகாய் பஜ்ஜியையும் பயிற்சி முடிந்த பிறகு வரச்சொல்லுங்கள்.

முகர்தல், வாயில் வைத்தல்

இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அளந்து 15 மில்லி ஊற்றி, கிளாஸைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். உடனே முகராதீர்கள். ஐந்து நிமிடம் காற்றாடட்டும். முதலில் பறப்பது நகப்பூச்சு கழுவும் திரவத்தின் வாடையுள்ள எத்தில் அசிட்டேட்டும் ஆல்கஹாலும். புதிதாக உடைத்த பாட்டிலின் முதல் ஊற்றில் அது சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

பிறகு கிளாஸை முகவாய்க்கு நேரே பிடித்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தால் நெடி தாக்காது. ஒரு மூச்சு, விலக்கம், மறுபடி ஒரு மூச்சு. என் கிளாஸில் டீச்சர்ஸ் இப்படி விரிகிறது: முதலில் பச்சை ஆப்பிள் தோல், அதன் பின்னால் ஊறவைத்த தானியத்தின் இனிப்பு, கொஞ்சம் தேன். பிறகு, தேடாமலேயே வந்து நிற்கும் புகை. அணைந்த விறகடுப்பின் அருகே மறுநாள் காலையில் இருக்கும் உலர்ந்த புகை அது. ஆர்ட்மோர் மால்ட்டிலிருந்து வருவது. மக்கிய தாவரம் இறுகிய பீட் என்ற கரிமண்ணை எரித்து, முளைகட்டிய வாற்கோதுமையை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். ஐலா தீவு விஸ்கிகளின் புகையில் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாடை இருக்கும். ஸ்காட்லாந்தின் பெருநிலத்துப் பீட்டில் அது இல்லை. இந்த விலையில் புகையைத் தன் முகமாக வைத்திருக்கும் பிளெண்டுகள் அதிகம் இல்லை. அதற்காகவே இதைப் பயிற்சிக்குத் தேர்ந்தேன்.

உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் அதுவே சரி. ஆனால் தோன்றியதைப் பொருளின் பெயராக நோட்டில் எழுதுங்கள். ‘ஸ்மூத்’, ‘கிக்’, ‘ஹார்ஷ்’ என்றெல்லாம் எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது. வாழைப்பழம், கிராம்பு, கொப்பரை, உரித்த ஆரஞ்சுத் தோல், வறுத்த ரவை, புது அட்டைப்பெட்டி என்று எழுதினால் வரும். இவை கற்பனையும் அல்ல. வாழைப்பழ மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் ஈஸ்ட் வேலை செய்யும்போது உண்டாகிறது. கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. கொப்பரை மணம் ஓக்கில் உள்ள லாக்டோனுடையது. வெனிலா மணம், மரத்தைச் சுடும்போது அதன் லிக்னின் உடைந்து வருவது. புகைக்குக் காரணம் குவாயகால் முதலான ஃபீனால்கள்.

இப்போது வாய். அரை ஸ்பூன் அளவு எடுத்து, நாக்கின் மேல் பரப்பி, பத்து எண்ணும் வரை வைத்திருங்கள். முதல் சிப் எப்போதும் சுடும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாய் பழகிய பின் இரண்டாவது சிப்பில்தான் விஷயம் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். இந்த மூச்சில்தான் டீச்சர்ஸின் புகை மறுபடி எழும்பும். நடுவில் அது கொஞ்சம் சன்னமாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் ஒரு சிறு கரகரப்பும் உண்டு. இதையும் எழுதுங்கள். பிடித்துப்போனதால் குறையை விழுங்கிவிடக் கூடாது.

தண்ணீர் சேர்ப்பது கௌரவக் குறைச்சல் என்று ‘ரா’வாக அடிப்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். விஸ்கி கலப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். இந்தியாவில் அடைத்த பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதன் 15 மில்லியோடு 17 மில்லி தண்ணீர் சேர்த்தால் 20 சதவீதம் வரும். 40 சதவீதப் பாட்டில் என்றால் சரிபாதி. ஆனால் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். சொட்டு மருந்துக் குழாயால் ஐந்தாறு சொட்டு, முகர்தல். இன்னும் ஐந்தாறு சொட்டு, முகர்தல். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-இல் கணினி மாதிரியை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் செறிவு குறையும்போது குவாயகால் போன்ற மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே கூடுகின்றன என்று கண்டார்கள். தண்ணீர் விட்டதும் புகை தூக்கலாகத் தெரிவதற்கு அது ஒரு விளக்கம். மலிவு பிளெண்டுக்குத் தண்ணீர் இன்னொரு சோதனையும் வைக்கிறது: நல்ல கலவை விரியும்; ஒப்புக்குக் கலந்தது உடைந்து, ஈர அட்டை வாடை அடிக்கும்.

மூன்று கிளாஸ்

இத்தனையும் பாட்டிலின் பெயர் தெரிந்தே செய்தோம். இனித் தெரியாமல். உங்களிடம் இருப்பதோடு அதே விலைக்கட்டில் இன்னொரு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் மலிவானதையும் விலை உயர்ந்ததையும் மோதவிடுவதைவிட, இரண்டு மலிவானவற்றை மோதவிட்டால் அதிகம் கற்கலாம்.

உணவுத் துறையில் பல காலமாக நடக்கும் முக்கோணச் சோதனைதான் இது. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் வேறு. ஊற்றுகிறவர் மனைவியோ தம்பியோ நண்பரோ, யாராக இருந்தாலும் நீங்கள் வேறு அறையில் இருக்கும்போது ஊற்ற வேண்டும். கிளாஸின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டி எண் போட வேண்டும். கிளாஸை வைத்துவிட்டு அவரும் அங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் ஒரே மாதிரிக் கிளாஸ், ஒவ்வொன்றிலும் 5 மில்லி, 20 சதவீதத்துக்கு இறக்கியது. குடிக்க வேண்டாம், முகர்ந்தே எது வேறு என்று சொல்லுங்கள். கிளாஸை இடம் மாற்றிவைக்கச் சொல்லி ஐந்து தடவை செய்யுங்கள். ஊகித்தாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். ஐந்தில் நான்கு தடவை சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான்.

இரண்டையும் பிரித்தறிய முடியவில்லையா? நல்ல செய்திதான், குறைந்த விலையுள்ளதை இனி நிம்மதியாக வாங்கலாம். முடிகிறதா? அப்படியானால் இன்னொரு நாள் எது பிடிக்கிறது என்று, பெயர் தெரியாமலே, கேளுங்கள். பிரித்தறியத் தெரியாத இரண்டுக்குள் எது உசத்தி என்று விடிய விடிய வாதாடுவதை நண்பர் கூட்டங்களில் நிறையப் பார்க்கிறோம். இந்தச் சோதனை முடிந்தால் பாதி வாதம் நின்றுபோகும்.

சோடாவில் நிற்கிறதா

மீதமுள்ள 30 மில்லி இதற்கு. பிளெண்டட் விஸ்கி உலகைப் பிடித்தது சோடாவோடுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்து, பிராந்திக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிராந்தியும் சோடாவும் இருந்த மேசைகளில் விஸ்கியும் சோடாவும் வந்து உட்கார்ந்தன. ஆகவே மலிவு பிளெண்டை வெறுமனே மட்டும் குடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால் பாதி வழக்கைக் கேட்காமல் விட்டதாகும்.

நன்றாகக் குளிர்ந்த சோடா, ஒரு பங்கு விஸ்கிக்கு இரண்டரையிலிருந்து மூன்று பங்கு. கிளாஸின் ஓரமாக ஊற்றி, ஒரே ஒரு தடவை கலக்குங்கள். கோலா வேண்டாம், அதில் எந்த விஸ்கியும் ஒன்றுபோலத்தான். இங்கே மால்ட்டின் கனம் உதவுவதில்லை, கிரெயினின் இலேசும் ஒரு தெளிவான முகமும் உதவுகின்றன. டீச்சர்ஸின் புகை சோடாவிலும் அழியாமல் நிற்கிறது. வெறுமனே குடித்தபோது உறுத்திய கரகரப்பு குமிழிகளுக்குள் காணாமல் போகிறது. என் கணக்கில் அது தன் காசை இங்கேதான் சம்பாதிக்கிறது. சில பிளெண்டுகள் தண்ணீரில் ஜோராக இருந்துவிட்டு, சோடாவில் வெறும் இனிப்புத் தண்ணீராகிவிடும்.

இப்போது நோட்டில் கடைசி வரியாக விலையை எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில்: மறுபடி வாங்குவேனா? எதற்கு: வெறுமனே, தண்ணீரோடு, சோடாவோடு? ‘வாங்க மாட்டேன்’ என்பதும் தாராளமாக எழுத வேண்டிய பதில். மலிவானதெல்லாம் மறைந்திருக்கும் மாணிக்கம் என்று நிரூபிக்க நாம் இதைச் செய்யவில்லை. சோம்பலாகக் கலந்து, கேரமலால் மூடி, பெயரை வைத்து விற்கும் பிளெண்டுகள் இருக்கின்றன. மூன்று வழியிலும் வாய்ப்புக் கொடுத்துவிட்டு நிராகரித்தால் அந்த நிராகரிப்புக்கு எடை உண்டு.

மீதிப் பாட்டில்

மூடியை இறுக்கி, நிமிர்த்தி வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் வீரியமான ஸ்பிரிட் கார்க்கை அரித்துவிடும். விஸ்கிக்கும் ஒரு காலத்தில் ஒயினைப் போலத் திருகாணி வைத்துப் பிடுங்கும் கார்க்தான் இருந்தது. கையாலேயே திறந்து மூடும் கார்க்கை 1913-இல் கொண்டுவந்தவர் டீச்சர்ஸ் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் பெர்ஜியஸ். வெயில் படும் ஷோகேஸும் அடுப்பங்கரை அலமாரியும் வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டு நல்லது.

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகம், மணம் மெல்லத் தட்டையாகும். நன்றாகக் கழுவி உலர்ந்த சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த முதல் நாள் இருந்த நெடி பதினைந்து நாளில் பல பிளெண்டுகளில் தணிந்திருக்கும், சிலவற்றில் நெடியோடு பழவாசனையும் போயிருக்கும். எது எப்படி என்பதை அந்தந்தப் பாட்டிலில்தான் தெரிந்துகொள்ள முடியும். அதனால் பதினைந்தாம் நாள் இன்னொரு 15 மில்லியை, அதே கிளாஸில், அதே நேரத்தில், பழைய குறிப்பைப் படிக்காமல் முகர்ந்து புதுப் பக்கத்தில் எழுதுங்கள்.